கணினி விழித்தெழும் விதம்

விசையை அழுத்தியதும் கணினி இயங்கத் தொடங்குவதை நாள்தோறும் காண்கிறோம். திரையில் சில வரிகள் ஓடுகின்றன. ஒரு சின்னம் தோன்றுகிறது. சற்று நேரத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு இயந்திரம் காத்து நிற்கிறது. பழகிப்போன இந்நிகழ்ச்சியை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒருநாள் அது இடைவழியில் நின்றுவிட்டால் நேர்வது என்ன? கறுத்த திரையில் விளங்காத ஓர் ஆங்கில வரியைக் கண்டதும், "வன்தட்டு போய்விட்டது" என்று முடிவுகட்டுவோர் பலர். வன்தட்டை முழுதும் அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவிவிடுகிறார்கள். பள்ளியாயின் மாணவரின் மதிப்பெண்களும், கள அலுவலகமாயின் பல மாதங்கள் அலைந்து திரட்டிய கணக்கெடுப்புப் பதிவுகளும் அதனோடு மறைந்துபோகின்றன. இவ்விழப்புகளுள் பல தவிர்க்கக் கூடியவை. கணினி எந்தெந்தப் படிகளைக் கடந்து விழித்தெழுகிறது என்பதை அறிந்தவர், அது எந்தப் படியில் நின்றது என்பதைக் கொண்டே பழுது எங்கே உள்ளது என்று ஊகித்துவிடலாம்.

இக்கட்டுரையில் லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையின் அமைப்பைப் பின்பற்றி, 1991-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் முறைமையும், கேரளப் பள்ளிகளில் வழங்கும் முறைமையும் இதன் அடிப்படையில் அமைந்தவையே. இதன் படிகள் யாவும் வெளிப்படையாதலால் கற்பிப்பதற்கும் இது ஏற்றது.

முதற் புதிர்

கணினியின் செயலி, நினைவகத்தில் உள்ள கட்டளைகளை மட்டுமே நிறைவேற்ற வல்லது. மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிவிடும். இயக்க முறைமையோ வன்தட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதனை அங்கிருந்து எடுத்து நினைவகத்தில் வைப்பதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை எடுத்து வைப்பது யார்?

கிணற்று நீரை இறைக்கும் மோட்டார் பம்பை நினைத்துப் பார்க்கலாம். நீரை மேலேற்றவே பம்பு இருக்கிறது. எனினும் அதன் வயிற்றில் முதலில் சிறிது நீரை ஊற்றினாலன்றி அது நீரை இழுக்காது. கணினிக்கும் அவ்வாறு முதற்கண் ஊற்ற வேண்டிய குடம் நீர் ஒன்று உண்டு. பழைய கணினிகள் பலவற்றில் இயக்குநரே முகப்பிலுள்ள விசைகளை மேலும் கீழுமாகத் தள்ளி, சில கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைவகத்தில் புகுத்துவார். அச்சிறு நிரல் பெரியதொரு நிரலைத் துளை நாடாவிலிருந்து படித்துக்கொள்ளும். தன் காலணியின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னை உயர்த்திக்கொள்ள முயலும் மனிதனை ஒத்திருப்பதால், இச்செயலுக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்று பெயரிட்டனர். அதுவே பூட் எனச் சுருங்கியது.

முதற்படி: பலகையில் பதிந்த நிரல்

இன்றைய கணினியில் அக்குடம் நீரை உற்பத்தியாளரே ஊற்றி வைத்துவிடுகிறார். தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில், மின்சாரமின்றியும் அழியாத நிரலொன்று பதிந்திருக்கும். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி. முதல் நெடுங்காலம் இதற்கு பயாஸ் என்று பெயர்.

மின்சாரம் வந்ததும் செயலி எங்கே தொடங்குவது என்று ஆராய்வதில்லை; அதற்கென்று ஒரே முகவரி விதிக்கப்பட்டிருக்கிறது. 80386 செயலி முதற்கொண்டு அம்முகவரி 4 கிகாபைட்டு எல்லைக்கு 16 பைட்டு கீழே உள்ளது. பதினாறு பைட்டில் பெரிய நிரல் எதுவும் அடங்காது. "இன்ன இடத்துக்குச் செல்க" என்னும் ஒரு தாவல் கட்டளைதான் அங்கே இருக்கும். அதன்படி தாவிய செயலி பயாஸ் நிரலை நிறைவேற்றத் தொடங்குகிறது. நினைவகம், விசைப்பலகை, திரை முதலிய உறுப்புகள் முறையாக உள்ளனவா என்று பயாஸ் சோதிக்கிறது. திரை ஒளிருமுன் குறை தென்பட்டால் ஒலியால் அறிவிக்கும். அவ்வொலிகளின் பொருள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும்.

இரண்டாம் படி: 512 பைட்டு

சோதனை முடிந்ததும் பயாஸ், தனக்குக் குறித்துக் கொடுத்துள்ள வரிசைப்படி ஒவ்வொரு சாதனமாகப் பார்த்துச் செல்கிறது. வன்தட்டில் அது படிப்பது முதல் துண்டத்தை மட்டுமே. அதன் அளவு 512 பைட்டு. இதில் 446 பைட்டு நிரலுக்கும், 64 பைட்டு வன்தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும் உரியவை. ஒரு பிரிவுக்கு 16 பைட்டாக நான்கு பிரிவுகள் அதில் இடம்பெறும். எஞ்சிய இரு பைட்டுகளில் 55, ஏஏ என்னும் பதினாறடிமான எண்கள் முத்திரைபோல் இருக்கும். முத்திரை சரியாயிருந்தால், பயாஸ் அத்துண்டத்தை நினைவகத்தின் 31,744-ஆம் முகவரியில், அதாவது 32 கிலோபைட்டுக்கு ஒரு கிலோபைட்டு குறைவான இடத்தில் வைத்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகுகிறது.

கோப்பு இன்னதென்றோ, லினக்ஸ் இன்னதென்றோ பயாஸ் அறியாது. அடுத்தவரைக் கண்டு ஆட்சியைக் கொடுப்பதே அதன் கடமை. இந்த இயல்பு எல்லாப் படிகளுக்கும் பொதுவானது: ஒவ்வொரு நிரலும் தன்னைவிடத் திறன் மிகுந்த அடுத்த நிரலை எழுப்பிவிடும் அளவுக்கே அறிவுடையது.

மூன்றாம் படி: கிரப்

446 பைட்டில் ஒரு முழு நிரலை எழுத இயலாது. ஆகவே லினக்ஸ் கணினிகளில் பெரிதும் வழங்கும் கிரப் என்னும் ஏற்றி நிரலைப் பகுத்து வைத்திருக்கிறார்கள். முதல் துண்டத்திலுள்ள பகுதி, அதனை அடுத்துள்ள வெற்றிடத்தில் வைத்திருக்கும் பெரிய பகுதியை அழைக்கிறது. பெரிய பகுதிக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். அது வன்தட்டின் உரிய பிரிவிலிருந்து தன் துணை நிரல்களையும் அமைப்புக் கோப்பினையும் படித்து, பட்டியலொன்றைத் திரையில் காட்டுகிறது. நாம் தேர்ந்தெடுத்த லினக்ஸின் இரு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றியதும் அதன் பணி முடிகிறது. அவற்றுள் ஒன்று கெர்னல் எனப்படும் கருநிரல். மற்றொன்றினைப் பின்னர்க் காண்போம்.

புதிய முறை

512 பைட்டு முறைக்குக் குறைகள் உண்டு. அட்டவணையில் துண்டங்களின் எண்ணைக் குறிக்க நான்கு பைட்டே உள்ளமையால், சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் கோடி பைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டினை அது முழுமையாக ஆள இயலாது. ஆகவே பயாஸுக்குப் பதிலாக யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் முறை வந்தது. 2005-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கூட்டமைப்பு நிறுவப்பெற்றது. இன்றைய புதுக் கணினிகள் இம்முறையையே பின்பற்றுகின்றன. இதில் பலகையிலுள்ள நிரலே கோப்புகளைப் படிக்கக் கற்றிருக்கிறது. வன்தட்டின் தனிச் சிறு பிரிவொன்றில் ஏற்றி நிரல் சாதாரணக் கோப்பாகவே இருக்கும். எதனை முதலில் அழைப்பது என்னும் வரிசை பலகையின் அழியா நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். பிரிவு அட்டவணையின் நகலொன்று வன்தட்டின் கடைசியிலும் வைக்கப்படுவதால், முன்னது கெட்டாலும் பின்னதைக் கொண்டு மீட்கலாம். ஏற்றியின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே ஆட்சியைக் கொடுக்கும் பாதுகாப்பும் இம்முறையில் உண்டு.

நான்காம் படி: கருநிரலும் இரண்டாம் புதிரும்

கருநிரல் இடத்தைச் சிக்கனப்படுத்தும்பொருட்டுச் சுருக்கி வைக்கப்பட்ட கோப்பு. நினைவகத்துக்கு வந்ததும் அது தன்னைத்தானே விரித்துக்கொள்கிறது. பின்னர் நினைவகம் எவ்வளவு, அதில் எப்பகுதி பயன்படுத்தத் தக்கது என்று கணக்கெடுத்து, செயலியின் கருக்களை ஒவ்வொன்றாக எழுப்பி, சாதனங்களைத் தேடுகிறது.

இங்கே முதற் புதிரே வேறு வடிவில் திரும்புகிறது. வன்தட்டினைப் படிக்க அதற்குரிய இயக்கி நிரல் வேண்டும். அந்த இயக்கியோ வன்தட்டில் இருக்கிறது! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்கு ஒப்பானது இது. எல்லா வகை வன்தட்டுகளின் இயக்கிகளையும் கருநிரலிலேயே சேர்த்தால் அது மிகவும் பருத்துவிடும். ஆகவேதான் கிரப் இரண்டாவது கோப்பு ஒன்றையும் உடன் கொண்டுவந்தது. இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் அக்கோப்பு, நினைவகத்திலேயே விரியும் ஒரு சிறு தற்காலிகக் கோப்பகம். தேவையான இயக்கிகள் அதில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு உண்மையான வன்தட்டுப் பிரிவினைத் திறந்து, அதனையே மூலக் கோப்பகமாக அமைத்த பின் தற்காலிகக் கோப்பகம் அகற்றப்படுகிறது.

ஐந்தாம் படி: முதற் செயல்

பின்னர்க் கருநிரல் இனிட் என்னும் நிரலின் ஆட்சியைத் தொடங்கிவைக்கிறது. இது செயல் எண் 1 பெறும். பயனர் பகுதியில் இயங்கும் பிற செயல்கள் யாவும் நேராகவோ வழிவழியாகவோ இதன் வழித்தோன்றல்களே. தாய்ச் செயலை இழந்த செயல்களைப் பொதுவாக ஏற்றுக்கொள்வதும் இதுவே. இது இறந்துபோனால் கருநிரல் மேற்செல்ல இயலாது நின்றுவிடும்.

பழைய முறையில் இனிட், எண் வரிசையிட்ட கட்டளைக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த சிஸ்டம்டி என்னும் நிரல், ஒன்றையொன்று சாராத பணிகளை ஒரே சமயத்தில் தொடங்குகிறது. வலையமைப்பு, அச்சுப்பணி, கடிகாரம் முதலியன ஆயத்தமானதும் நுழைவுத் திரை தோன்றுகிறது. கணினி விழித்துவிட்டது.

நின்ற இடமே நோய்க்குறி

இனிக் களத்தில் பயன்படும் செய்திக்கு வருவோம். திரையே ஒளிராமல் ஒலி மட்டும் கேட்டால் தடை முதற்படியில் உள்ளது. மின்சாரத்தைத் துண்டித்து, நினைவகப் பலகையைக் கழற்றிச் சரியாகப் பொருத்திப் பார்க்கலாம். "நோ பூட்டபிள் டிவைஸ்" என்னும் பொருள்பட வரி தோன்றினால், பலகை நிரல் அடுத்தவரைக் காணவில்லை என்பது கருத்து. மறந்து செருகிவிட்ட பென் டிரைவ், தளர்ந்த வன்தட்டு இணைப்பு, மாறிப்போன சாதன வரிசை ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். தேதியும் நேரமும் பழைய ஆண்டுக்குத் திரும்பியிருந்தால் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருக்கக் கூடும்.

"கிரப் ரெஸ்க்யூ" என்னும் வரி வந்தால், கிரப்பின் முற்பகுதி எழுந்து, தன் துணை நிரல்களைக் காணாது திகைக்கிறது என்று கொள்க. எவரேனும் பிரிவுகளை அழித்தோ மாற்றியோ இருக்கலாம். கிரப் பட்டியல் மறைந்து விண்டோஸ் மட்டும் எழுமாயின், பின்னர் நிறுவிய விண்டோஸ் முதல் துண்டத்தைத் தன் நிரலால் நிரப்பியிருக்கும், அல்லது புதிய முறையில் அழைப்பு வரிசையை மாற்றியிருக்கும். நிறுவும்போது லினக்ஸ் பிரிவினை எவரும் அழிக்கவில்லையெனில் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கிரப்பினை மட்டும் மீண்டும் நிறுவினாலோ வரிசையைத் திருத்தினாலோ போதும்.

மூலக் கோப்பகத்தைத் திறக்க இயலவில்லை என்று "கெர்னல் பேனிக்" தோன்றினால், இரண்டாவது கோப்பு இல்லை அல்லது அரைகுறையாக எழுதப்பட்டது என ஐயுறலாம். புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் நின்றாலும், துவக்கப் பிரிவில் இடம் தீர்ந்தாலும் இவ்வாறு நேரும். கிரப் பட்டியலில் பழைய கருநிரல் ஒன்று இருந்தால் அதனைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். "எமர்ஜென்சி மோடு" எனக் கேட்டு நின்றாலோ, கருநிரலும் இனிட்டும் நலமே. பட்டியலில் குறித்த ஏதோவொரு பிரிவு கிடைக்கவில்லை என்பது பெரும்பான்மையும் காரணமாகும்.

இவை அனைத்திலும் முதல் விதி ஒன்றே: எதனையும் அழிக்குமுன் பதிவுகளை வெளியே எடுங்கள். பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது நன்று. அதனைச் செருகித் தொடங்கினால், தொடரின் பிற்படிகள் யாவும் பென் டிரைவிலிருந்து வருவதால், வன்தட்டின் துவக்கப் பகுதி கெட்டிருந்தாலும் கணினி எழும். வன்தட்டிலுள்ள கோப்புகளைப் பிறிதொரு தட்டில் நகலெடுத்துக்கொள்ளலாம். மறைகுறியாக்கிய வன்தட்டாயின் அதன் கடவுச்சொல் வேண்டும். வன்தட்டு விட்டுவிட்டு "டிக், டிக்" என ஒலித்தால் மட்டும் மேலும் இயக்காது நிறுத்தி, தேர்ந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அது உறுப்பின் பழுது.

வகுப்பறையில் காட்டத்தக்கது

நலமாயுள்ள கணினியிலேயே இப்படிகளை மாணவர்க்குக் காட்டலாம். டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளை, கருநிரல் கூறிய செய்திகளை வினாடிக் கணக்குடன் வரிசையாகத் தரும். சில கணினிகளில் இதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். சிஸ்டம்டி உள்ள கணினியில் சிஸ்டம்டி-அனலைஸ் என்னும் கட்டளை, கருநிரலும் பிற பணிகளும் கொண்ட நேரத்தைத் தனித்தனியே காட்டும். புதிய முறைக் கணினிகளில் பலகை நிரலும் ஏற்றியும் கொண்ட நேரத்தையும் பெரும்பாலும் காணலாம். இரண்டு கணினிகளின் கணக்கை ஒப்பிட்டு, எதனால் ஒன்று தாமதிக்கிறது என்று மாணவரையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

பள்ளியிலும் அலுவலகத்திலும் கணினி நன்றாக இயங்கும்போதே அதன் பலகை நிரல் பழைய முறையா புதிய முறையா, வன்தட்டில் எத்தனை பிரிவுகள், பதிவுகள் எந்தப் பிரிவில் உள்ளன என்பவற்றை ஒரு தாளில் குறித்துப் பேரேட்டில் வைத்தல் நலம். கணினி எழ மறுக்கும் நாளில் பழுது பார்க்க வருபவர் முதலில் கேட்பன இவையே.