‘பியுஸ்’ என்னும் அடைமொழி

காப்பியங்களில் வரும் அடைமொழிகளைக் கற்பிக்கையில் பிறமொழி உதாரணமாக ‘பியுஸ்’ என்னும் இலத்தீன் பெயரடையை நான் சொல்வதுண்டு. ‘பக்தியுள்ள’ என்பதே அதன் பொருள் எனப் பல ஆண்டுகள் மாணவருக்கு எழுதிப்போட்டேன். அது போதாது என்பதை வெர்ஜிலின் ‘ஈனியட்’ காப்பியத்தை ஆங்கிலத்தில் ஆறுதலாகப் படித்தபோதே உணர்ந்தேன்.

காப்பியத் தலைவன் ஈனியஸின் அடைமொழி அது. எரியும் திரோய் நகரைவிட்டு அவன் வெளியேறுகிறான். தோளிலே முதிய தந்தை. தந்தையின் கையிலே குலதெய்வ உருவங்கள். பக்கத்திலே சிறு மகன். பெற்றார், பிள்ளை, தெய்வம், நாடு அனைத்துக்கும் தான் பட்ட கடனை ஆற்றுபவனே ‘பியுஸ்’. பக்தி அதில் ஒரு கூறு. (பின்னால் வந்த மனைவி அவ்விருளிலே தொலைந்துபோனாள் என்பதையும் மறக்கலாகாது.)

நாலாங் காண்டத்தில், காதலித்த அரசி டிடோ மன்றாடியும் அவன் கப்பல்களை நோக்கித் திரும்புகிறான். அவ்விடத்திலேதான் கவிஞர் மறுபடியும் ‘பியுஸ்’ என்கிறார்! ‘பக்திமான்’ எனப் பெயர்த்தால் கேலியாகிவிடும். ‘கடமை தவறாத’ என்றாலோ, அவளைத் தேற்ற அவன் கொண்ட தவிப்பு மறைந்துவிடும். ‘கடனறிந்த’ என்பதே எனக்கு உவப்பானது. குறளிலும் ஆட்சியுள்ள சொல்.

இனி இலக்கணம். நல்ல மகன், நல்ல மகள், நல்ல மனை எனத் தமிழ்ப் பெயரடை மாறாது நிற்கும். இலத்தீனிலோ அது தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் ஏற்கும். பியுஸ் ஆண்பால், பியா பெண்பால், பியும் இரண்டுமல்லாதது. நம் நல்லன், நல்லள், நல்லது என்பவற்றை நினைத்துக்கொள்ளலாம். ஆயினும் அங்கே பால் சொல்லுக்குரியது. பொருளைப் பார்த்து வருவதன்று.

‘மிகமிக’ என்னும் பொருள்தர இலத்தீனில் ‘இஸ்ஸிமுஸ்’ என்ற ஈறு சேரும். பியுஸ் போல ஈற்று ‘உஸ்’ஸுக்கு முன் உயிர் நிற்கும் சொற்களுக்கு அது பொதுவாகச் சேராது, ‘மிக’ என்பதற்கு ஒரு தனிச்சொல் முன்னே வரும். கி.மு. 43இல் அன்ரனி ஒரு கடிதத்தில் ‘பியிஸ்ஸிமுஸ்’ என எழுதிவிட்டார். இலத்தீனில் அப்படியொரு சொல்லே கிடையாது என்று தமது 13ஆவது பிலிப்பிக் உரையில் சிசரோ எள்ளினார். அவ்வாண்டு முடியுமுன்பே அன்ரனியின் ஆட்கள் அவரைக் கொன்றனர்.

சொல்லோ பிழைத்துக்கொண்டது. பின்வந்த பேரரசுக்காலக் கல்லறைகளிலே மனைவிக்கும் தாய்க்கும் இளவயதில் இறந்த பிள்ளைக்கும் உறவினர் பொறித்துவைத்தது அதையேதான். பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில். மகனுக்காயின் ‘பியிஸ்ஸிமோ’, மகளுக்காயின் ‘பியிஸ்ஸிமாய்’.