கடைக்கு இணையக் கருவிகள் வாங்குமுன்

பில் போடுவது, கார்டு மூலம் பணம் பெறுவது, ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது என நமது கடை வேலைகள் பலவும் இன்று இணைய இணைப்பை நம்பியே நடக்கின்றன. மாலை வியாபார நேரத்தில் இணைப்பு அறுந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே கருவிகளை விசாரித்து வாங்குவது அவசியம்.

ரவுட்டர்: வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுத் தருவது இதுவே. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். முன்னது சுவர் தாண்டிக் கிடங்கு வரை எட்டும். பின்னது வேகம் மிக்கது, எட்டும் தூரம் குறைவு. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்தால் இரண்டுமே தடைபடும்.

ஒயரும் ஸ்விட்சும்: பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஒயர் இணைப்பே நம்பகமானது. ரவுட்டரில் இடம் போதாவிட்டால் 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்று சேர்க்கலாம். முழுச் செம்புக் கம்பியாலான 'கேட் 6' கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கு எளிதில் ஒடியும். ஒரே இழுப்பில் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

மின்சாரம்: கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். இருந்தால் போதாது. மோடம், ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் அதில் இணைக்க வேண்டும்.

பாதுகாப்பு: கருவியோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை தருவதானால் விருந்தினர் இணைப்பைத் தனியே அமைத்துத் தருக. கணக்குகள் உள்ள இணைப்பைத் தரலாகாது.

சரக்குக்கு எடையும் தரமும் பார்க்கும் நாம், இதற்கும் ரசீதும் வாரண்டியும் கேட்டுப் பெறுவோம்.