நாடு நீங்கிய ஓவியரும் திறனாய்வும்

திறனாய்வு என்பது குறை காண்பதே என்போர் நம்மிடையே உளர். ஓவியர் எம். எஃப். உசேனின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பாரத மாதாவை ஆடையின்றி வரைந்தாரெனப் பல ஊர்களில் வழக்குகள் எழவே, அவர் 2006இல் இந்தியாவை விட்டு வெளியேறினார். 2008 மே 8இல் டில்லி உயர் நீதிமன்றம் அவ்வழக்குகளைத் தள்ளிற்று. அத்தீர்ப்பை ஒரு திறனாய்வுக் கட்டுரையாகவே படிக்கலாம். ஆடையின்மை வேறு, ஆபாசம் வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது. பழைய இந்தியச் சிற்ப மரபை நினைவூட்டுகிறது. தொண்ணூறு வயது ஓவியர் தம் இல்லத்திலிருந்து வரைய வேண்டியவர் என்கிறது. (சிலைப் படத்தைக் கண்டு சிரிக்கும் சுங்காய் மாணவரை அதட்டுமுன் நாமும் இதைப் படித்திருத்தல் நன்று.) அவ்வாண்டே டில்லிக் கலைச் சந்தையில் அவர் படைப்புகள் விலக்கப்பட்டன. சஹ்மத் என்னும் கலைஞர் அமைப்பு அவற்றின் படிகளைக் காட்சிக்கு வைத்தது. அங்கும் சிலர் புகுந்து உடைத்தனர். உசேன் திரும்பவில்லை. 2010இல் கத்தார் குடிமகனாகி, 2011இல் இலண்டனில் மறைந்தார்.