ஆறு நிமிடத்துக்கு ஒரு பில்

தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம் ‘மெப்ஸ்’. இங்குள்ள கம்பெனி ஒன்று அமெரிக்க வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போடுகிறது. தகராறு வந்தால் நியூயார்க் சட்டமே செல்லும் என்று அதில் ஒரு ஷரத்து. அந்தச் சட்டத்தை விளக்கிச் சொல்ல தாம்பரம் கோர்ட் வாசலில் யாரைத் தேடுவது?

பன்னாட்டுச் சட்ட நிறுவனங்களுக்குப் பிழைப்பே இப்படிப்பட்ட தேவையில்தான். நம் ஊர் வக்கீல் ஆபீஸ் என்றால் ஒரு சீனியர், சில ஜூனியர்கள், வாய்தா தேதியை விரல்நுனியில் வைத்திருக்கும் குமாஸ்தா. லண்டனில் 1987-ல் இரண்டு பழைய நிறுவனங்கள் இணைந்து உருவான கிளிஃபர்ட் சான்ஸ் வேறு ரகம். லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பார்ட்னர்கள் மேலே. சம்பளத்துக்கு உழைக்கும் அசோசியேட்டுகள் கீழே. இத்தகைய நிறுவனங்களில் பலர் கோர்ட் படியே ஏறுவதில்லை. கம்பெனிகள் கைமாறுவது, வங்கிக் கடன், ஒப்பந்தம் எழுதுவது என்று வேலை ஓடும். நேரத்தை ஆறாறு நிமிடமாக நறுக்கிக் குறிப்பார்கள். மணிக்குப் பத்து அலகு. பில் போடச் சுலபம். இரண்டு நிமிட போன் பேச்சுக்கும் ஓர் அலகு விழுந்துவிடும்!

இந்தியாவில் இத்தகைய பெரிய சட்ட நிறுவனங்கள் வளராததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. 1956-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம், கூட்டாண்மையில் 20 பேருக்கு மேல் சேரவிடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யவும் தடை.

வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளே வரலாமா என்ற கேள்வி 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஏ.கே.பாலாஜி என்பவர் தொடுத்த அந்த வழக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் எதிர்மனுதாரர்கள். 2012 பிப்ரவரியில் தீர்ப்பு: இங்கே தொழில் நடத்தக் கூடாது; ஆனால் விமானத்தில் வந்து, தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. எப்போதாவது வந்துபோனால் சரி, அடிக்கடி வந்தால் அதுவும் தொழில்தான் என்றது. எத்தனை முறை வந்தால் ‘அடிக்கடி’ என்று எண்ணிக்கை சொல்லவில்லை. வக்கீல்களுக்கு வாதாட இடம் விட்டுவைத்த மாதிரிதான்.

2023 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் விதி வகுத்து, பதிவு செய்துகொண்டால் வெளிநாட்டுச் சட்டத்தில் ஆலோசனை சொல்லலாம் என்றது. கோர்ட்டில் ஆஜராக அனுமதியில்லை. அந்த வேலை, பெருங்குடியிலும் புதுப்பாக்கத்திலும் சட்டம் படித்து வெளியே வரும் நம் பிள்ளைகளுக்கே.