ஆயில் என்ஜின் ஏன் ஓடவில்லை?

எங்கள் கிணற்றடியில் 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின் ஒன்று உண்டு; என்னைவிட வயதில் மூத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கு வேலையில்லை. தை மாதம் நிலக்கடலையில் விழுது இறங்கும் நேரத்தில் ஹேண்டிலைச் சுற்றினால், ஓட மறுத்தது. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிங் போச்சு, போர் போடணும்" என்று ஒரு தொகை சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்தத் தொகையில் பட்டம் வாங்கும்வரை என் கட்டணத்தைக் கட்டிவிடலாம். அப்பா பதில் பேசவில்லை.

டீசல் என்ஜினில், பெட்ரோல் என்ஜினில் உள்ளதுபோல் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கினால் சூடேறும் என்பதே ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய என்ஜினின் அடிப்படை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா, அதேதான். இயற்பியல் வகுப்பில் படித்த வெப்பமாறாச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன்: 27 டிகிரி செல்சியஸ் காற்றை 17-இல் ஒரு பங்காக இறுக்கினால் சுமார் 660 டிகிரி! கசிவாலும் சிலிண்டர் சுவர் வாங்கிக்கொள்வதாலும் உண்மையில் குறையும். ஆனாலும் தூவலாக விழும் டீசல் பற்றிக்கொள்ள அது தாராளம்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே. டீசல் உள்ளே போகிறதா? காற்று சூடாகிறதா?

முதல் கேள்விக்குச் சைலன்சரே பதில் சொல்லும். சுற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்று அமுங்கக்கூடியது; பம்பின் உந்தலெல்லாம் அதை அமுக்குவதிலேயே வீணாகி, நாசில் திறக்காது. குழாய் நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை ஒழுகவிட வேண்டும். (கழற்றிய நாசிலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும்.) எங்கள் என்ஜினிலோ டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தது. போகிறது, பற்றவில்லை.

டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால், பிஸ்டன் மேலே வரும்போது ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு போயிற்று. இதுவரை மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் காற்று தப்பிக்க ரிங் ஒன்றுதானா வழி? வால்வும் உண்டே! இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, மறுபடி மாட்டிச் சுற்றினோம். (அதிகம் விட்டால் ஆபத்து; எண்ணெய் அமுங்காது.) ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்து எதிர்ப்பு கூடும். கூடவில்லை.

அப்பா மேல்மூடியைத் திறந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புகை வெளியேறும் வால்வின் தண்டைத் தொட்டதுமே, "இது உக்காரலடா" என்றார். மூன்று மாதம் சும்மா கிடந்ததில் கரியும் துருவும் ஏறி, தண்டு பாதியில் சிக்கியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தோம். காலையில் மரக்கட்டையால் மெல்லத் தட்டத் தட்ட இறங்கிற்று. டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தோம்.

மூன்றாம் சுற்றில் என்ஜின் பிடித்தது. மடை திருப்பிவிட்டு வந்த அப்பா, "அந்த 660 எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். வரப்பில் உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினேன்.