எங்கே படுத்திருந்தான்?

விடியற்காலை நாலு மணிக்கு, வயிற்றுவலி என்று ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டான், படுத்தான், நடுவில் எழுந்து வாந்தி எடுத்தான், இப்போது கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறான் என்பார்கள். டெல்டா பக்கத்து அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு நர்ஸாகவே காலம் தள்ளி ஓய்வுபெற்றவள் நான். இமை இப்படிச் சரிந்த பிள்ளையைப் பார்த்தால் நாங்கள் கேட்பது "என்ன சாப்பிட்டான்?" என்றல்ல, "எங்கே படுத்திருந்தான்?" என்றுதான். பாய் போட்டுத் தரையில் என்று பதில் வந்தால், கட்டுவிரியனைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

கட்டுவிரியன் ராத்திரி நடமாடும் பாம்பு. எலி, பல்லி, சின்னப் பாம்பு இவற்றைத் தேடி வீட்டுக்குள் வரும். தூக்கத்தில் யாராவது புரண்டு அதன்மேல் கையைப் போட்டால் கடிக்கும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது, பல நேரம் பல் தடத்தைக்கூட லென்ஸ் வைத்துத்தான் தேட வேண்டும். விஷம் நரம்பைப் பிடித்து முதலில் இமையைச் சாய்க்கும், பிறகு விழுங்க முடியாமல் செய்யும், கடைசியில் மூச்சுத் தசைகளை நிறுத்தும். வென்டிலேட்டர் காலி இல்லாத நாட்களில் சித்தப்பா, மாமா என்று முறை வைத்து விடிய விடிய, கையால் மூச்சு செலுத்தும் ஆம்பு பையை அமுக்கிப் பிழைக்க வைத்த பிள்ளைகள் உண்டு. ஆனால் கட்டிலில் ஏறி, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்து வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு கட்டில், ஒரு கொசுவலை, பொந்தில்லாத தரை. மாத வருமானம் உள்ள வீட்டில் இவற்றை யாரும் பாதுகாப்புச் சாதனம் என்று நினைத்து வாங்குவதில்லை.

கண்ணாடி விரியன் வேறு ரகம். அது வரப்பில், வைக்கோலில், களை எடுக்கும் கைக்குப் பக்கத்தில் கிடக்கும். அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பெரிய லேப் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு குழாயை ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம். கட்டிப் போயிருந்தால் கொஞ்சம் நிம்மதி. தண்ணீராய் ஓடினால் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்குவோம். அந்த 20 நிமிடத்தில் கூட வந்தவர்கள் "சும்மா குழாயையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே சிஸ்டர்" என்று சத்தம் போடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் அதற்கு முன்பே எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று கேட்டால் அடுக்கடுக்காக வரும்: வயலிலிருந்து ரோட்டுக்குத் தூக்கி வந்தது, வண்டி கிடைக்காதது, பணம் புரட்டப் போனது, வழியில் மந்திரிக்க நிறுத்தியது, பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு டி.டி. ஊசி போட்டு "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு இதில் பாதி குறைந்தது. அந்த ஒன்றுக்காக நான் எந்த மேடையிலும் கைதட்டுவேன்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், பெரும்பாலும் மழைக்காலம். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் வசதியானவர்கள் இல்லை. வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்தான் அதில் முக்கியமானவர்கள்.

செத்த வீட்டில் "நேரம் சரியில்லை" என்பார்கள். ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்ளட்டும், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் எங்கள் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்போமே, அதில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதுவோம். கூலி, கூலி, கொத்தனார், கூலி, லோடுமேன், இல்லத்தரசி, கூலி. நேரம் இப்படி ஆள் பார்த்தா கெடும்?

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நடவு நாட்களில் லோடு வண்டியில் ஆட்களை ஏற்றிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இருபது பெண்கள் நின்றபடி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு போவார்கள். வண்டி வளைவில் கவிழ்ந்தால் காருக்குள் இருப்பவரைப் பெல்ட்டும் காற்றுப் பையும் காப்பாற்றும். இவர்கள் தூக்கி வீசப்பட்டுத் தலையில் அடிபடுவார்கள், அல்லது வண்டிக்கு அடியிலேயே சிக்குவார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 64 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும். உலகக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. உலக வாகனங்களில் சுமார் 60 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஓடுகிறது, சாலைச் சாவுகளில் 92 சதவீதம் அங்கே நடக்கிறது.

லோடு வண்டிக் கதை வண்டி கவிழ்வதோடு முடிவதில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போன பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். அவரோ கடனுக்கு எடுத்த ஒரே வண்டியைக் கவிழ்த்துவிட்டு நிற்பவர். இன்சூரன்ஸ் கிடைக்கும் வழக்கிலும் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு வக்கீல் எனக்கு விளக்கினார். 2009 சரளா வர்மா தீர்ப்புப்படி, மனைவியும் ஒரு பிள்ளையும் உள்ள 25 வயதுக்காரர் இறந்தால் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மீதியை 18ஆல் பெருக்க வேண்டும். மாதம் 10,000 சம்பாதித்தவருக்கு 14,40,000. மாதம் ஒரு லட்சம் சம்பாதித்தவருக்கு 1,44,00,000. எதிர்கால உயர்வைச் சேர்க்காத கணக்கு இது. குடும்பம் இழந்த வருமானத்தை ஈடுகட்டுவது என்ற நியாயம் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கூலிக்காரரின் மனைவி அந்தப் பத்தாயிரத்தை நிரூபிக்கவே சம்பளச் சீட்டு இல்லாமல் அலைவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

தீக்காயத்தைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. பம்ப் ஸ்டவ் தரையில், முந்தானை நைலான், கூரை கீற்று, கதவு ஒன்றே ஒன்று. "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்கும்போது சில நேரம் வேறு கதை வெளியே வரும். 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயில் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர், அதில் 1,06,000 பேர் பெண்கள் என்று லான்செட் இதழில் வந்த மதிப்பீடு சொல்லியது. கேஸ் அடுப்பு பரவப் பரவ ஸ்டவ் தீக்காயங்கள் குறைந்ததைக் கண்ணால் கண்டேன். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் பிரிக்கப்பட்டன. குடிசைகளைக் காங்கிரீட் வீடாக மாற்றும் மாநில அரசுத் திட்டம் வருவதற்கு 2010 ஆனது.

"ஏழைங்களுக்குக் கவனம் பத்தாதும்மா, குடிச்சிட்டு ஓட்டுவாங்க" என்று என் உறவினர் ஒருவர் எப்போதும் வாதிடுவார். குடி உண்டு. ராத்திரி டியூட்டி பார்த்தவளுக்கு அந்த வாடை தெரியாதா? ஆனால் அவருக்குப் பதில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 2001 முதல் 2003 வரை இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் விபத்து போன்ற வெளிக்காரணங்களால் இறந்த குழந்தைகளைப் பெற்றோரின் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். உயர் பதவியில் இருப்பவர்களின் குழந்தைகளைவிட, வேலையே பார்த்திராத அல்லது நெடுநாள் வேலையில்லாத பெற்றோரின் குழந்தைகள் 13 மடங்கு அதிக விகிதத்தில் இறந்திருந்தார்கள். நடந்து போகையில் அடிபட்டுச் சாவது 20 மடங்கு, சைக்கிளில் 27 மடங்கு, தீயில் 37 மடங்கு. மருத்துவம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் நாடு அது. அந்தப் பிள்ளைகளில் யாரும் குடித்துவிட்டு ஓட்டவில்லை. தோட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளை ரோட்டில் விளையாடுகிறது, கார் இல்லாத வீட்டுப் பிள்ளை ரோட்டைக் கடக்கிறது.

அப்படி ஒரு கணக்கை நம் நாட்டில் போட முடியாது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் வயது, பால், வண்டி வகை, சாலை வகை, ஹெல்மெட் போட்டாரா என்பது வரை அட்டவணை இருக்கிறது. வருமானம் இல்லை. தற்கொலை செய்துகொண்டவர்களை ஆண்டு வருமானப்படி பிரித்துக் காட்டும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம், விபத்தில் செத்தவர்களை அப்படிக் காட்டுவதில்லை. கணக்கே இல்லாததால், ஹெல்மெட் அபராதத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு லோடு வண்டிக்குப் பதில் நடவு ஆட்களுக்கு ஒரு பஸ் விடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும்கூட. நல்ல திட்டம், பல உயிர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் தலைக்காயம் 48 மணி நேரத்தில் முடிகிற விஷயமில்லை. வார்டில் பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு அன்றாடக் கூலி போகும், வீட்டில் மாட்டைப் பார்க்க ஆளிருக்காது, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு கரையும். ஒரு வாரம் தாண்டினால் யாராவது ஒருவர் டியூட்டி டாக்டரிடம் வந்து நிற்பார்: "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம் சார்." கைநாட்டு வாங்குவோம். அப்படிப் போய் வீட்டில் இறந்தவர்கள் எங்கள் மருத்துவமனையின் சாவுக் கணக்கில் வருவதில்லை. எங்கள் ஏட்டில் அவர்கள் மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறியவர்கள், அவ்வளவுதான்.