பூம்புகார் டு டெல்லி... வெளியுறவுத் துறையில் மூன்று மாதங்கள்!

பூம்புகார் பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகளிடம் 'அடுத்து என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி, பேங்க் எக்ஸாம், பி.எட்., இல்லையென்றால் சென்னையில் ஒரு வேலை என்றுதான் பதில் வரும். 'டெல்லியில் வெளியுறவுத் துறையில் இன்டர்ன்ஷிப்' என்று யாராவது சொன்னால், 'அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு' என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள்.

ஆனால், வெளியுறவுத் துறை இந்தக் கரைக்கு அந்நியமான இலாகா இல்லை.

கடலில் போன படகு திரும்பவில்லை என்றால்...

மயிலாடுதுறை, நாகப்பட்டினம், காரைக்கால் பகுதி மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், தகவல் முதலில் மீன்வளத் துறைக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் போகும். அங்கிருந்து சென்னை, அடுத்து டெல்லி. முதலமைச்சரின் கடிதம் வெளியுறவு அமைச்சருக்குப் போகும். கொழும்பில் இருக்கும் இந்தியத் தூதரகமும், 2010-ல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணத் துணைத் தூதரகமும் அந்த நாட்டு அதிகாரிகளிடம் பேசும். தூதரக அதிகாரிகள் சிறைக்கே போய் மீனவர்களைச் சந்திப்பார்கள். கைதானவர் தன் நாட்டுத் தூதரகத்துடன் பேசும் உரிமையைத் தருவது 1963-ம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை.

இதற்குப் பின்னால் 1974, 1976-ம் ஆண்டுகளின் கடல் எல்லை ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இழுவைமடிக்கு இலங்கை 2017-ல் விதித்த தடை இருக்கிறது. 'எங்கள் வலை அறுந்துபோகிறது, மீன்வளம் அழிகிறது' என்று சொல்லும் வடஇலங்கைத் தமிழ் மீனவர்களின் வேதனையும் இருக்கிறது. இத்தனையும் ஒரே கோப்பில் சேரும். கரையில் காத்திருக்கும் குடும்பத்தின் தவிப்பும், அக்கரையில் இருப்பவரின் கோபமும், இரண்டையுமே தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒருவர் டெல்லியில் இருந்தால் அதன் பலனே தனி.

ஆயிரம் வருஷப் பழக்கம்

வெளிநாட்டு உறவு டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கிய அயல்நாட்டுச் சரக்குகளைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலை பட்டியல் போடுகிறது. மேலையூர் பல்லவனேசுவரத்தில் புத்த விகாரையின் எச்சங்களைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்திருக்கிறது. ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-ல் சீன அரசவையை அடைந்தது. வழிப்பயணத்துக்கு மட்டுமே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. 1077-ல் போன சோழர் குழுவில் 72 பேர் இருந்தார்கள்.

இன்டர்ன் என்ன செய்வார்?

வெளியுறவு அமைச்சகம் ஜனவரி - ஜூன், ஜூலை - டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் இன்டர்ன்களை எடுக்கிறது. ஒரு மாதத்தில் இருந்து மூன்று மாதம் வரை பயிற்சி. ஒவ்வொருவரும் ஒரு பிரிவில் சேர்க்கப்படுவார்கள். உதாரணத்துக்கு, இலங்கை, மாலத்தீவு போன்ற நாடுகளைக் கவனிப்பது இந்தியப் பெருங்கடல் பகுதிப் பிரிவு.

கோட் சூட் போட்டுத் தூதர்களோடு விருந்து சாப்பிடும் வேலை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தகவல் திரட்டுவது, அறிக்கை எழுதுவது, ஒரு நாட்டின் அன்றாட நிகழ்வுகளைத் தொடர்ந்து கவனித்து அலசுவது, பிரிவின் தலைவர் தரும் மற்ற பணிகளைச் செய்வது ஆகியவைதான் வேலை. பத்துப் பக்க விஷயத்தை ஒரே பக்கத்தில், ஒரு வார்த்தை பிசகாமல் எழுதக் கற்றுக்கொள்வதே பெரிய பாடம்.

இன்னொரு பாடம், வாயைக் கட்டுவது. ஆபீஸில் பார்த்த எதையும் வெளியே சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கிடையாது. 'இன்னிக்கு என்னப்பா வேலை?' என்று அம்மா போனில் கேட்டாலும், 'நிறைய எழுதினேன்மா' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆபீஸ் முடிந்த பிறகு...

பல மாநிலங்களுக்கும் வாய்ப்பு போக வேண்டும் என்பதற்காகவே தேர்வு முறை அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பக்கத்து நாற்காலியில் அசாம் பெண்ணோ, ராஜஸ்தான் பையனோ இருக்கலாம். அரைகுறை இந்தியில் ஆரம்பிக்கும் நட்பு, சாப்பாட்டு டப்பாவில்தான் கெட்டிப்படும்.

ஊர் ஞாபகம் வந்தால் ஆர்.கே.புரம் போகலாம். மலை மந்திர் முருகன் கோயிலும் டெல்லி தமிழ்ச் சங்கமும் அங்கேதான். காலைக் குளிரில் நடுங்குகிறவர்களுக்கு, சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் மலிவு.

பணம்தான் கேள்வி

அண்மை ஆண்டு அறிவிப்புகளின்படி உதவித்தொகை மாதம் 10,000 ரூபாய். ஊரிலிருந்து போய்வர ஒருமுறை விமானக் கட்டணமும் உண்டு. ஆனால், தங்குமிடமும் சாப்பாடும் அவரவர் பொறுப்பு. டெல்லியில் வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். அறையைப் பகிர்ந்துகொண்டாலும், குறுவையை நம்பி இருக்கும் வீட்டுக்கோ, கூலி வேலை செய்யும் வீட்டுக்கோ மீதிச் செலவு பாரம்தான். விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

யார் விண்ணப்பிக்கலாம்?

ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 25-க்குள் இருக்க வேண்டும். 12-ம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களை வைத்து முதல் பட்டியல், பிறகு நேர்காணல். வளர்ச்சியை நாடும் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. தமிழகத்தில் ராமநாதபுரமும் விருதுநகரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மயிலாடுதுறை இல்லை. எனவே, இங்கிருந்து போகிறவருக்கு மதிப்பெண்ணே துணை. விண்ணப்பம், கடைசித் தேதி எல்லாம் அமைச்சகத்தின் இணையதளத்தில் வரும். கட்டணம் கேட்டு யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம்.

இன்டர்ன்ஷிப் முடித்தால் அரசு வேலை கிடைத்துவிடாது. ஐ.எஃப்.எஸ் ஆக யு.பி.எஸ்.சி சிவில் சர்வீசஸ் தேர்வு எழுதியே ஆக வேண்டும். அதில் மெயின் தேர்வையும் நேர்முகத்தையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம், நுழைவுத்தேர்வில் தேறும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தருகிறது. முதல்நிலையில் வென்றால் 25,000 ரூபாய்.

மேலையூரிலும் மன்னம்பந்தலிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு டெல்லி தூரம்தான். ஆனால், அங்கே தயாராகும் ஒரு பக்கக் குறிப்பு என்ன செய்யும் என்பது, படகுக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு நன்றாகவே தெரியும். அதை எழுதுகிறவர் அந்தக் கரையிலிருந்து வந்தவராக இருக்கட்டுமே!